ஞாயிற்றுக்கிழமைச் சம்மதம்

சினிமாவில் வருகிற காதலர்கள் அத்தனை பேரையும் சேர்த்து வைத்தவர் கனகசபை. பணக்காரப் பெண்ணும் ஏழைப் பையனுமா, சரி. வேறு வேறு சாதியா, அதனால் என்ன. அரிவாளோடு குறுக்கே நிற்கிற பெண்ணின் அப்பனை முதலில் பிடித்துத் தள்ளுங்கள் என்பார். கண் கலங்கும், மூக்கை உறிஞ்சுவார். படம் முடிந்து எழுந்ததும், எதிர்வீட்டுப் பெண் யாரோ ஒரு பையனோடு பைக்கில் போனாள் என்பதற்காக அந்த வீட்டாரோடு ஒரு வாரம் பேச மாட்டார்.

அவருடைய ஒரே மகள் மங்கையர்க்கரசிக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அது தன் தலையில் வந்து விடியும் என்று அவள் நினைக்கவில்லை.

மங்கைக்கு வயது இருபத்தெட்டு. தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஊசியைப் பார்த்தவுடனேயே மயங்கி விழுந்த சவரிராஜ் என்பவனுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதில் ஆரம்பித்தது விவகாரம். அதற்குப் பிறகு உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமலே அவன் அடிக்கடி வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பையன், நல்ல வேலை, நல்ல குடும்பம். ஆனால் வேறு மதம், வேறு ஆட்கள். கனகசபையைப் பொறுத்தவரை பின்னால் சொன்ன இரண்டும் முன்னால் சொன்ன மூன்றையும் அடித்துவிடும்.

கனகசபை திருச்சி நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. சட்டத்தை மீறியதில்லை. சொன்ன சொல்லை மாற்றியதில்லை. மாற்றாதது மட்டுமல்ல, திருப்பிச் சொல்லவும் மாட்டார். "ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். திருப்பித் திருப்பிச் சொல்றதுக்கு நான் என்ன ஓட்டா கேக்கறேன்?" என்பார். மங்கை முதல்முறை சவரிராஜ் பேச்சை எடுத்தபோது "நடக்காது" என்றார். அதோடு சரி. பிறகு அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் செய்தித்தாள் அவர் முகத்துக்கு முன்னால் ஏறிவிடும்.

அந்த வருஷம் தீபாவளிக்குத்தான் வீட்டுக்குக் கைத்திரை வந்தது.

அதற்குள் ஊரில் எல்லோர் கையிலும் அது இருந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் அகலமான ஒரு பலகை, நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. படம் பலகையில் ஓடும். சத்தம் பட்டை வழியாக மண்டைக்குள்ளேயே கேட்கும், காது சும்மா இருக்கும். வாடகை ஒரு டீ விலைதான். இரண்டு நாள் வரைக்கும் படம் உங்களுடையது. மூன்றாம் நாள், பார்த்து முடித்த அதே நேரத்துக்கு, ஒரு தும்மல் வரும். பலகையிலிருந்தும் படம் போய்விடும், தலையிலிருந்தும் போய்விடும்.

இதற்குக் காரணம் பட முதலாளிகள் கேட்ட ஒரு கேள்வி. வாடகைக்கு எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறவன், தலைக்குள் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு கொடுப்பது என்ன நியாயம்? இந்தக் கேள்விக்கு அரசாங்கத்திடம் பதில் இல்லை, அதனால் ஒரு சட்டம் போட்டார்கள். நினைவில் வைத்திருப்பது திருட்டு. பார்த்த கதையை, அது மறப்பதற்குள் பார்க்காதவருக்குச் சொல்வது வாய்வழித் திருட்டு, அதற்குத் தண்டனை அதிகம். அரசியல் பேசாதீர் என்று எழுதியிருந்த டீக்கடைப் பலகைகளில் கீழே இன்னொரு வரி சேர்ந்தது: கதையும் பேசாதீர். கட்சிகள் மட்டும் சந்தோஷமாக இருந்தன. தேர்தல் வாக்குறுதிகளை இப்போதெல்லாம் அவர்கள் படத்தின் இடைவேளையில்தான் வெளியிட்டார்கள்.

மக்களும் குறை சொல்லவில்லை. எந்தப் படத்தையும் எத்தனை தடவையும் முதல் தடவையாகப் பார்க்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? கைத்திரை நிறுவனம் புதிதாகப் படம் எடுப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது. நீங்கள் எந்தப் படத்துக்கு அதிக மதிப்பெண் போட்டீர்களோ அதையே அடுத்த வாரமும் புத்தம் புதியது என்று கொண்டுவந்து நீட்டும். நீங்களும் பரவசப்பட்டு அதே மதிப்பெண்ணைப் போடுவீர்கள்.

வீட்டில் கைத்திரையைத் தொடாத ஒரே ஆள் மங்கையின் அம்மா தையல்நாயகி. "நெத்தியில குங்குமம் இருக்கற இடத்துல பட்டையைக் கட்டவா? அவர் நல்லா இருக்கும்போதே எதுக்கு நான் பொட்டை மறைக்கணும்?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். கனகசபைக்கு அந்தச் சங்கடம் இல்லை. விபூதியைத் துடைத்துவிட்டுக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் சாய்வு நாற்காலி, மடியில் பலகை, நெற்றியில் பட்டை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மங்கை அவர் எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பலகையின் முதுகு அவள் பக்கம் இருந்ததால் படம் தெரியவில்லை. அப்பாவின் முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகம் கடைசிக் கட்டத்தில் உருக ஆரம்பித்தது. தாடை நடுங்கியது. கண் நிறைந்தது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று மங்கைக்குத் தோன்றியது.

"அப்பா."

"ம்."

"சவரிராஜ் விஷயம் சொன்னேனேப்பா."

அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கட்டிக்கோ" என்றார்.

"அப்பா?"

"கட்டிக்கோன்னேன். காது கேக்கலையா?"

மங்கை மடித்த துணியையே மறுபடி மடித்தாள். "அவங்க வீட்ல நாளைக்கே வரச் சொல்லட்டுமாப்பா?"

"நாளைக்கேவா? முதல் முதலா வர்றவங்களுக்கு ரெண்டு முறுக்கு சுட வேண்டாமா? நாளன்னைக்கு செவ்வாய், ஆகாது. புதன்கிழமை வரச் சொல்லு."

அவள் துணிகளை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாள், சவரிராஜுக்குப் போனில் சொல்ல. சமையலறையைக் கடக்கும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது.

திங்கட்கிழமை தையல்நாயகி முறுக்கு சுட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று மங்கை அப்பாவிடம் போய், "புதன்கிழமை நிச்சயம்தானேப்பா?" என்று கேட்டாள். அவர், "அதான் சொல்லிட்டேனே. போ" என்றார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் கனகசபை ஒரு தும்மல் தும்மினார். "நூறு" என்றாள் தையல்நாயகி, யார் தும்மினாலும் சொல்கிற மாதிரி.

புதன்கிழமை காலை சவரிராஜ் தன் அம்மாவோடும் மாமாவோடும் வந்து இறங்கினான். அவன் அம்மா செசிலி பட்டுப்புடவை கட்டி, ஒரு தார் வாழைப்பழத்தைத் தானே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கனகசபை வாசல்படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அவர்களுக்காகச் சுட்ட முறுக்கு.

"யார் நீங்க?" என்றார்.

சொன்னார்கள். அவர் முகம் மாறியது. தையல்நாயகி ஓடிவந்து, "நீங்கதானே வரச் சொன்னீங்க?" என்றாள்.

"நானா? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கெல்லாம்? நடக்காதுன்னு என்னைக்கோ சொல்லியாச்சு. முந்தாநாள்கூட இவ வந்து கேட்டா. அதான் சொல்லிட்டேனேன்னு சொன்னேன். ஆளுக்கு ஆள் சேர்ந்துகிட்டு என்னை முட்டாளாக்கப் பாக்கறீங்களா?"

செசிலி வாழைத்தாரைக் கீழே வைக்கக்கூட இல்லை. வந்த வழியே திரும்பி நடந்தாள். அந்த வீட்டில் யாரும் அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. மங்கைக்கு அன்றைக்கு வந்த அவமானம் கொஞ்சநஞ்சமல்ல, அழக்கூட முடியவில்லை.

விஷயம் என்ன என்று சவரிராஜுக்குத்தான் புரிந்தது. அவன் வேலை பார்த்தது கைத்திரை நிறுவனத்தின் திருச்சிக் கிளையில். மறுநாள் பரிசோதனைக் கூடத்து வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளுக்கு விளக்கினான்.

"பட்டை என்ன செய்யுதுன்னா, படம் ஓடற நேரத்துல உள்ள போற ஞாபகத்து மேல மஞ்சள் பூசற மாதிரி ஒண்ணு பூசிடும். ரெண்டு நாள்ல அது காஞ்சு உதிர்ந்துடும். உதிரும்போது ஞாபகத்தையும் சேர்த்துப் பேத்துக்கிட்டுப் போயிடும்."

"படத்தைத்தானே பேக்கணும்? எங்கப்பா சொன்ன வார்த்தையை ஏன் பேக்குது?"

"அதுக்கு எது படம், எது உங்கப்பான்னு தெரியாது மங்கை. அந்த நேரத்துல உள்ள போற எல்லாத்துக்கும் பூசும். வெளிநாட்டுல சோதிச்சுப் பாத்தப்ப இந்தப் பிரச்சினையே வரலையாம். அங்கெல்லாம் படம் பாக்கும்போது படம் மட்டும்தான் பாப்பாங்களாம்."

மங்கைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. படம் பார்க்கும்போது படம் மட்டும் பார்க்கிற வீடு அவளுக்குத் தெரிந்து திருச்சி ஜில்லாவிலேயே கிடையாது. பெண் பார்த்த கதை, மாமியார் சண்டை, நிலத் தகராறு, யாருக்கு என்ன வியாதி, எல்லாம் படம் ஓடும்போதுதான் பேசித் தீர்க்கப்படும். ஊரில் இத்தனை பேர் பேசித் தீர்த்த சண்டையை மறுபடி மறுபடி ஏன் போடுகிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"கெடுவை நீட்டிக்க முடியாதா?"

"முடியும். மறுபடி வாடகை கட்டி உங்கப்பா கைரேகை வைக்கணும்."

"பாத்த படத்துக்கு இன்னொரு வாடகையா? செத்தாலும் வைக்க மாட்டார்."

"எங்கம்மா ஒண்ணு சொல்லிட்டாங்க" என்றான் சவரிராஜ், அவள் முகத்தைப் பார்க்காமல். "அந்த மனுஷனே தன் வாயால கூப்பிட்டாத்தான் வருவாங்களாம். தவக்காலம் வந்துட்டா ஈஸ்டர் வரைக்கும் மாதா கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க. அதுக்குள்ள கூப்பிடலேன்னா திண்டுக்கல்ல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்காங்க."

தீபாவளியிலிருந்து தவக்காலம் வரைக்கும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உண்டோ அத்தனையிலும் மங்கை அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். நிறுவனம் ஒவ்வொரு வாரமும் அவருக்கு அதே படத்தைத்தான் அனுப்பியது. அவர் ஒவ்வொரு வாரமும், "புதுசா ஒண்ணு வந்திருக்கு, நல்லா இருக்கும்போல" என்று சொல்லிக்கொண்டே பட்டையைக் கட்டினார். படத்தில் என்ன கதை என்று அவளுக்குத் தெரியாது. சட்டத்தை மீறாத மனிதர், ஒரு வரி கதை சொல்ல மாட்டார். ஆனால் அந்த முகம் அவளுக்கு மனப்பாடம். எங்கே சிரிப்பு வரும், எங்கே பல்லைக் கடிப்பார், எங்கே தாடை நடுங்கும் என்று எல்லாம் தெரியும். தாடை நடுங்கும்போது கேட்பாள். அவர் "கட்டிக்கோ" என்பார். படத்தில் அந்த அப்பன் மனசு மாறுகிற இடம் அதுதான் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

இன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கெஞ்சுவாள். "எதுக்கு அவசரம்? புதன்கிழமை வரட்டும், நேர்ல பேசிக்கறேன்" என்பார். செவ்வாய்க்கிழமை தும்முவார். தையல்நாயகி "நூறு" என்பாள். புதன்கிழமை அவள் பட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாலும், மகள் முகத்தைக்கூடப் பார்க்காமல் செய்தித்தாளைத் தூக்கிக்கொள்வார்.

பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் மங்கை கேட்பதை நிறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே அவள் வாரம் முழுவதும் தள்ளிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு ஓர் அப்பா இருந்தார்.

தவக்காலம் பிறக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கனகசபை வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி இறங்கினார். பின்னால் புகைப்படக்காரர் ஒருவர், ஒரு தட்டில் பொன்னாடை, ஒரு சந்தன மாலை. அதிகாரி யாரையும் கேட்காமல் கனகசபையின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்.

"வாழ்த்துகள் சார். திருச்சி மாவட்டத்திலேயே ஒரே படத்தை அதிக முறை பார்த்த ரசிகர் நீங்கதான்." படத்தின் பெயரையும் சொன்னார்.

"நான் அப்படி ஒரு படத்தைப் பார்த்ததே இல்லையே" என்றார் கனகசபை.

அதிகாரி பூரித்துப் போனார். "அதுதான் சார் எங்க வெற்றி!"

"தப்பான விலாசத்துக்கு வந்திருக்கீங்க."

"இல்லவே இல்ல சார், உங்க கைரேகை. தீபாவளிக்கு அடுத்த ஞாயிறிலேர்ந்து ஒரு வாரம்கூட விடாம பார்த்திருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் முழு மதிப்பெண் போட்டிருக்கீங்க. இப்படிக் கொஞ்சம் சிரிங்க சார், ஒரு போட்டோ எடுத்துக்கறோம்."

கனகசபை சிரிக்கவில்லை. நீதிமன்றத்தில் இருந்தவர், கைரேகை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். மெதுவாகக் கேட்டார். "படம் ஓடும்போது வேற ஏதாவது பேசியிருந்தா?"

"எல்லாம் சேர்ந்தே போயிடும் சார். அதுக்குன்னு நாங்க தனிக் கட்டணம் எதுவும் வாங்கறதில்ல."

அவர்கள் மாலையைப் போட்டுவிட்டுப் போனார்கள். கனகசபை பொன்னாடையும் மாலையுமாகக் கூடத்தில் நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு அந்த அம்மா வாழைத்தாரோட வந்துச்சே. நான் வரச் சொன்னேனா?"

"சொன்னீங்கப்பா."

"அந்தப் பையனைக் கட்டிக்கோன்னு சொன்னேனா?"

"சொன்னீங்க."

"அந்த ஒரு தடவைதானா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்பா."

"ஒரு தடவைகூட முடியாதுன்னு சொல்லலையா?"

"இல்லப்பா."

அவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பொன்னாடையின் சரிகை மாலையில் சிக்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. வாழ்நாளில் ஒரு முறைகூட வாக்குத் தவறாத மனிதர், தீபாவளியிலிருந்து வாரா வாரம் புதன்கிழமை தவறாமல் வாக்குத் தவறியிருக்கிறார். அதற்குப் பரிசாகப் பொன்னாடை வேறு.

"வாக்குன்னா வாக்குதான்" என்றார் கடைசியில். குரல் மரக்கட்டை மாதிரி இருந்தது. "கட்டிக்கோ. அந்த அம்மா நம்பரைக் குடு, நானே கூப்பிடறேன்."

கூப்பிட்டார். நீதிமன்றத்தில் தேதி சொல்வதுபோல, புதன்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார். நெற்றியில் பட்டை இல்லை. பலகை அணைந்து கிடந்தது. மங்கை அதை இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பலகையைக் கையில் எடுத்து வெறித்துப் பார்த்தார்.

"இந்தப் படத்துல அப்படி என்னதான் இருக்கு? அந்த அப்பன் கடைசில என்ன செய்யறான்?"

"தெரியாதுப்பா. நான் பாத்ததே இல்ல."

"எதிர்ல உக்காந்துதானே இருந்தே?"

"உங்க மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

தையல்நாயகிக்கென்று வாங்கி அவள் தொடாமலே கிடந்த இன்னொரு பட்டையை அவர் எடுத்து நீட்டினார். "நீயும் கட்டு. ஒரு தடவையாவது சேர்ந்து பாப்போம்."

இதற்குப் பின் நடந்தது மங்கைக்கும் நினைவில்லை, கனகசபைக்கும் நினைவில்லை. நாம் பட்டை கட்டாததால் நமக்குத் தெரியும்.

படத்தில் ஒரு அப்பன், ஒரு மகள். மகள் ஒருவனை விரும்புகிறாள். அப்பன் முடியாது என்கிறான். கடைசிக் கட்டத்தில் மகள் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, இருந்துடறேன் என்கிறாள். மங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதோ, இங்கேதான் அவன் மனசு மாறப்போகிறான், அப்பாவின் தாடை நடுங்குகிற இடம் இதுதான்.

படத்தில் அந்த அப்பன் வாயைத் திறக்கவில்லை. மகள் போய்விட்டாள். அவன் உள்ளே வந்து, பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்து, ஒன்றை எடுத்துக் கவிழ்த்தான். அதோடு கதை முடிந்து, பலகையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"இவன் ஒத்துக்கவே இல்லையேப்பா!" என்றாள் மங்கை.

"ஆமா."

"அப்ப நீங்க எதுக்கு ஒவ்வொரு தடவையும் சரின்னீங்க?"

கனகசபை கண்ணைத் துடைக்கவில்லை, வழிய விட்டார். "இந்த மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் சொல்லியிருப்பேன். வேற எதுக்கு?"

பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவராகவே பேசினார். "அந்தப் பையன் அன்னைக்கு வாசல்ல நின்னு முழிச்ச முழி எனக்குப் பிடிச்சுதுடி. அவங்கம்மாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம அனுப்பிட்டேன், அதை நெனச்சு எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. நீ யாரைக் கட்டினாலும் இங்கேர்ந்து போகத்தான் போறே. இந்த வீட்ல அப்புறம் நான் யார் மேல கோவப்படுவேன், சொல்லு. அது ஒண்ணுதான். சாதியும் இல்ல மதமும் இல்ல. அதெல்லாம் வெளியில சொல்லிக்கறதுக்கு."

"இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா."

"எனக்கு வாய் வராதுடி. இப்பகூடப் பட்டை இருக்கேன்னுதான் சொல்றேன். செவ்வாய்க்கிழமை போயிடும்ல?"

"போயிடும்பா."

"அப்ப சரி. யார்கிட்டயும் சொல்லாதே. எங்கேயும் எழுதியும் வைக்காதே. வாக்குக் குடு."

மங்கை அவர் கையில் அடித்து வாக்குக் கொடுத்தாள். கனகசபையின் மகள் அல்லவா, அதைக் காப்பாற்றவும் செய்தாள். திங்கட்கிழமை முழுவதும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு திரிந்தாள், சவரிராஜிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் கூடத்தில் ஒரு தும்மல் கேட்டது. உடனே இன்னொரு தும்மல்.

"நூறு" என்றாள் தையல்நாயகி சமையலறையிலிருந்து. பிறகு, "நூறு" என்றாள்.

சாயங்காலம் கனகசபை சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, மகளைப் பார்க்காமல், "நாளைக்கு அவங்க வர்றாங்க. வாக்குக் குடுத்துட்டேன், நடக்கும். அதுக்காக எனக்கு இதுல இஷ்டம்னு யாரும் நெனச்சுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மங்கை சமையலறைக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் சந்தோஷம் வரவில்லை.

"வாக்குக்காகத்தாம்மா ஒத்துக்கிட்டார். மனசுல ஒண்ணும் இல்ல. அந்தப் படத்துல வர்ற அப்பன் ஒத்துக்கறதைப் பாத்துட்டுத்தான் இத்தனை நாளும் சரி சரின்னிருக்கார். அவரா ஒரு தடவைகூடச் சொல்லல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து முழுக்க நான் எதுக்குச் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்னும் தெரியல."

தையல்நாயகி முறுக்கு அச்சைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். தெருவில் கைத்திரைக்காரன் எவனாவது நிற்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்தது ஒரு சுவர் மட்டும்தான், அதன் வாசலுக்குக் கதவுகூடக் கிடையாது, அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும்.

"இது சட்டப்படி தப்பு" என்றாள். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கோர்ட்டுக்கே இழுப்பார். ஆனா நான் யாருக்கும் வாக்குக் குடுக்கல."

"என்னம்மா சொல்றே?"

தையல்நாயகி மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். நெற்றியில் பட்டை இல்லை என்பதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தார்" என்று ஆரம்பித்தாள்.